வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே

புல்வெளி ஆய்வு நிலையத்தின் இயக்குநருக்கு 'வேலி டாக்டர்' என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்தவர் கேலியாகத்தான் வைத்திருப்பார். இயக்குநர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அவரைப் போன்றவர்களைக் கேலி செய்வது வீண் வேலை. செய்தவனைக் கூப்பிட்டு நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அவருடைய மனைவிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. அவளுக்கு 'ட்ரே மேடம்' என்று பெயர். நாள் முழுக்க மண் தட்டுகளோடு உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிச் சொல்வார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நிலையத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. நடுநடுவே மரங்கள், பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். மாடுகள் காலங்காலமாக மேய்ந்த இடம். இயக்குநர் பொறுப்புக்கு வந்த புதிதில் அதில் ஒரு பகுதியை வளைத்துக் கம்பி வேலி போட்டார். மாட்டின் வாய் படாமல் விட்டால் புல்வெளி தன் ஆதி அழகுக்குத் திரும்பிவிடும் என்பது அவருடைய கொள்கை. முதல் மழையிலேயே புல் இடுப்பளவு வளர்ந்தது. அதற்குள் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ அவர் அறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. அதில் புல்லைவிட அவர் தெளிவாகத் தெரிவார்.

மேலே வளர்ந்ததைப் பார்த்தால் போதாது, மண்ணுக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று சொன்னவள் மனைவி. செடி உதிர்த்த விதையெல்லாம் அடுத்த மழைக்கே முளைத்துவிடுவதில்லை. பாதி மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும். சில மறுவருஷம் எழுந்திருக்கும், சில ஆற அமர எழுந்திருக்கும், சில தூக்கத்திலேயே செத்துப்போகும். புல்வெளிக்குக் கையிருப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அந்தக் கையிருப்பைப் பார்ப்பதுதான் அவள் வேலை. வேலிக்கு உள்ளேயிருந்து கொஞ்சம் மண், வேலிக்கு வெளியே மாடு மேயும் இடத்திலிருந்து கொஞ்சம் மண். வேரும் கல்லும் போகச் சலித்து, வேறு விதை மிஞ்சாமல் சுட்ட மணல் பரப்பிய தட்டுகளின் மேல் மெல்லிசாகத் தூவி, பசுமைக்குடிலில் அடுக்கித் தண்ணீர் தெளிப்பாள். பிறகு காத்திருப்பாள். தலை காட்டுவதை முதல் இலையிலேயே இன்னதென்று அடையாளம் கண்டு, குறித்துக்கொண்டு, பிடுங்கிப் போடுவாள். மண்ணைக் கிளறிவிட்டு மறுபடி காத்திருப்பாள்.

"வளர்க்கறதுக்கா மேடம் உங்களை வேலைக்கு வெச்சிருக்காங்க, பிடுங்கறதுக்கா?" என்று கணக்குப் பிரிவு அம்மா ஒருமுறை கேட்டாள்.

"காத்திருக்கறதுக்கு."

அந்த அம்மா சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பசுமைக்குடில் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. இரண்டு முனையிலும் கதவு. அலுவலகத்தைப் பார்த்தது முன்கதவு, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தது பின்கதவு. முன்கதவு வழியாக நுழைந்தால் இடது பக்க மேடையில் வேலிக்குள் மண், வலது பக்க மேடையில் வேலிக்கு வெளியே மண். ஒவ்வொரு தட்டிலும் ஒரு அலுமினியத் துண்டு செருகி, அதில் ஓர் எழுத்து கீறியிருக்கும். எந்த எழுத்து எந்த மண் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முளைத்தன. போகப் போக வேலிப் பக்கம் இளைத்தது. இடுப்பளவுப் புல் ஒன்றும் முள்புதர் ஒன்றும் மட்டும் வந்தன. அந்தப் பெரிய புல், மேய ஆளில்லாமல் காய்ந்து சாய்ந்து, பாய் போட்ட மாதிரி தரையை மூடிக்கொண்டது. அடியிலிருந்த சின்னச் செடிகளுக்கு வெளிச்சமில்லை. பூக்கவில்லை. புது விதை விழவில்லை. பழைய விதை ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருந்தது. வெளி மண்ணிலோ நூல் மாதிரிப் புற்கள், நகக்கண் அளவு இலைகள், சட்டைப் பொத்தானை விடப் பெரிதாக வளராத ஒரு செடி. எல்லாம் மாட்டுக் குளம்பு கிளறிய இடத்தில் மட்டும் பிழைக்கத் தெரிந்தவை.

இதை அவள் வருஷா வருஷம் வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, வேலிக்குள்ள குறைஞ்சிட்டே வருது."

"இடைக்கால முடிவு."

"போன வருஷமும் இடைக்காலம்னுதான் சொன்னீங்க."

"அறிவியல்ல அவசரமே கூடாது. அந்த உப்பை இப்படி நகர்த்து."

உப்பு நகரும். பேச்சு நகராது.

அலுவலகத்தில் அவர் அவளை 'மேடம்' என்பார், அவள் அவரை 'சார்' என்பாள். வீட்டு வாசலைத் தாண்டியதும் இரண்டும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவில்லை. வீட்டில் முன்னறை அவருடையது, சமையலறையை ஒட்டிய அறை அவளுடையது. சண்டை கிடையாது. சண்டை போட இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டுமே. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவான்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"நல்லா இருக்கார்னுதான் நினைக்கிறேன்."

இந்த நிலைமையில்தான் மேலிடத்திலிருந்து குழு வருகிறது என்ற செய்தி வந்தது. புல்வெளி முழுவதற்கும் வேலி போடுவதா வேண்டாமா என்று அந்தக் குழு நேரில் பார்த்து முடிவெடுக்கும். போடுவதென்றால் மாடுகள் வெளியே, இயக்குநருக்குப் பணி நீட்டிப்பு, திட்டத்துக்கு அவருடைய பெயர். பெயர் எந்த எழுத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுவரை அவர் யோசித்துவிட்டிருந்தார்.

அவள் வேறொன்றை யோசித்தாள். எல்லா இடமும் 'உள்ளே' ஆகிவிட்டால் அந்தப் பொத்தான் செடிக்கு 'வெளியே' என்று ஓர் இடமே இருக்காது. சில வருஷத்தில் மண்ணுக்குள்ளும் இருக்காது. போனதே யாருக்கும் தெரியாது. அதன் முதல் இலையைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

குழு வரும் செய்தி பரவியதும் மாடு வளர்ப்போர் சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். அவரிடம் மாடு கிடையாது, மச்சானிடம் உண்டு. இயக்குநர் பார்க்க மறுத்துவிட்டதால் நேரே பசுமைக்குடிலுக்குள் நுழைந்தார்.

"என்ன மேடம், கீரை போட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க. உங்க மாடு மேயற எடத்து மண்ணு. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறேன்."

"மண்ணுக்குள்ள மண்ணுதான் இருக்கும்." தலைவர் ஒரு தட்டின் மேல் குனிந்து பார்த்தார். "எங்க மாட்டு மூச்சுக்காத்து பட்டாலே புல்லு வளரும் மேடம். எவனும் ஒத்துக்க மாட்டேங்கறான்."

"மூச்சுக்காத்து இல்லைங்க. மாடு மேஞ்சா பெரிய புல்லு அடங்கும். குளம்பு பட்டு மண்ணு திறக்கும். சின்னது பொழைக்கும். ஆனா..."

"பாத்தீங்களா! சொன்னேன்ல!"

"ஆனா ஒரே எடத்துல ஓயாம மேய விட்டா அதுவும் போயிடும். உங்க தண்ணித் தொட்டிப் பக்கத்து மண்ணையும் போட்டுப் பார்த்தேன். முள்ளைத் தவிர ஒண்ணும் வரல."

"அதை விடுங்க. மொதல்ல சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. போன்ல பிடிச்சுக்கறேன்."

அவள் சொல்லவில்லை. தலைவர் கோபித்துக்கொண்டு, போகிற போக்கில் ஒரு தட்டிலிருந்து இரண்டு முளைகளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டு போனார். கீரை இல்லை என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.

குழு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் சல்லடைகளைக் கழுவிவிட்டுப் பசுமைக்குடிலுக்குத் திரும்பியபோது, உள்ளே ஒரு ஆள் ஏணியை மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மேடைகளுக்கும் மேலே ஆளுயர பிளெக்ஸ் போர்டுகள் தொங்கின. ஒன்றில் 'வேலிக்கு உள்ளே: உயிர் பொங்கும் மண்' என்றும் மற்றதில் 'வேலிக்கு வெளியே: வறண்ட மண்' என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் பின்னணியில் அருவி. அந்தப் பக்கத்தில் எங்கும் அருவி கிடையாது. இரண்டிலும் மூலையில் இயக்குநர் புன்னகைத்தார், வறண்ட மண்ணிலும்.

உயிர் பொங்கும் மண் என்ற போர்டு, மாடு மேய்ந்த மண்ணின் மேல் தொங்கியது.

"அண்ணே, போர்டு மாறிப்போச்சு" என்றாள்.

"இல்ல மேடம். சார் போன்ல தெளிவாச் சொன்னாரு. நுழைஞ்சதும் இடது பக்கம் உள்ளே, வலது பக்கம் வெளியேன்னு."

"நீங்க எந்தக் கதவு வழியா நுழைஞ்சீங்க?"

"பின்கதவு. முன்கதவுல ஏணி திரும்பலையே."

"அப்ப உங்க இடதும் சாரோட இடதும் வேற வேற."

"அது நீங்களும் சாரும் பேசிக்க வேண்டிய விஷயம் மேடம். எனக்குத் தெரிஞ்ச இடது இதுதான்" என்று அவன் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். "கட்டினது கட்டினதுதான். இன்னொரு எடத்துல ஒரு கடைத் திறப்பு நிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பின்கதவு திறந்தது. இயக்குநர் வண்டியை நிறுத்திவிட்டு அந்த வழியாகவே வந்தார். போர்டுக்காரன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி நழுவினான்.

இயக்குநர் கடைசியாகப் பசுமைக்குடிலுக்குள் எப்போது வந்தார் என்று அவளுக்கு நினைவில்லை. அவர் தன் இடது பக்கம் திரும்பி முதலில் போர்டைப் படித்தார். தன் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை இறக்கித் தட்டுகளைப் பார்த்தார். அங்கே பச்சை நுரைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது எப்ப?"

"எது சார்?"

"திரும்பிடுச்சே! எல்லாம் திரும்பிடுச்சே!"

முழங்கால் மளுக்கென்று சத்தமிட, தட்டின் முன் குந்தி உட்கார்ந்தார். விரல் நுனியால் பொத்தான் செடி ஒன்றைத் தொட்டார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"நான் பயந்துட்டே இருந்தேன், தெரியுமா?" என்றார், செடியிடம் சொல்வதுபோல. "நீ குறையுதுன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் இடைக்காலம் இடைக்காலம்னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துப்பேன். தூக்கம் வராது. இத்தனை வருஷமும் தப்பாவே போயிடுச்சோன்னு."

அலுவலக எல்லைக்குள் அவர் அவளை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்டயா? நீதானே எண்ணிட்டிருந்தே."

அவள் வாயைத் திறந்தாள். "அந்த போர்டு..."

"அருமையா வந்திருக்குல்ல? அருவி மட்டும் கொஞ்சம் சின்னதா இருந்திருக்கலாம்."

அன்று அவர் தன் சாப்பாட்டை முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. சமையலறை மேசையிலேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் குட்டிச் செடிக்கு என்ன பெயர் என்று கேட்டார். புத்தகத்துப் பெயரைச் சொன்னாள். "வாய்ல நுழையல, நீ என்னன்னு கூப்பிடுவே?" என்றார். பொத்தான் என்றாள். "பொத்தான்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்துத் தன் தட்டைத் தானே கழுவினார். நன்றாகக் கழுவவில்லை. குடியிருப்பின் கடைசி விளக்குக் கம்பம் வரை கொஞ்சம் நடக்கலாம் என்று அவரே கூப்பிட்டார். நடக்கும்போது முந்தைய இயக்குநர் மாதிரி நடந்து காட்டினார். தொந்தியை முன்னால் விட்டு, தான் மெதுவாகப் பின்னால் வருகிற நடை. அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். இந்த மனிதர் ஒரு காலத்தில் வேடிக்கையாகப் பேசுகிறவர் என்பதும் அதற்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டோம் என்பதும் அவளுக்கு மறந்தே போயிருந்தன.

இத்தனைக்கும் காரணம், ஒரு ஏணி முன்கதவில் திரும்பாததுதான்.

இதைக் கெடுக்க ஒரு வாக்கியம் போதும். அவள் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டாள். நாளை குழு தலையாட்டும். எல்லா இடத்துக்கும் வேலி வரும். இவர் இனி பசுமைக்குடிலுக்கு வருவார், மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார், தட்டை அரைகுறையாகக் கழுவுவார். வெளி மண் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்றும் இருக்காது. ஒப்பிட ஒன்றுமில்லாவிட்டால் இவர் தோற்கவே மாட்டார். அவள் விலை கேட்டுவிட்டுக் கடையை விட்டு நகராமல் நிற்பவள் மாதிரி அந்த எண்ணத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

காலையில் அவர் குளித்துக்கொண்டே பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகே போய், "என்னங்க, ஒரு நிமிஷம், அந்த ட்ரே விஷயம்" என்றாள். "ட்ரே இல்ல, இனிமே அது கருவூலம்னு சொல்லணும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. தண்ணீர்ச் சத்தம் கூடியது.

அவள் அலுவலகம் திறப்பதற்கு முன்பே பசுமைக்குடிலுக்குப் போனாள். தண்ணீர் தெளிக்கத்தான் போனாள். போர்டுகளின் நிழல் பாதித் தட்டுகளின் மேல் விழுந்திருந்தது. இப்படியே தொங்கினால் முளைகள் வெளுத்துவிடும், கொஞ்சம் நகர்த்திக் கட்டலாம் என்றுதான் ஸ்டூலில் ஏறினாள். அவிழ்த்த பிறகு, திரும்ப அதே இடத்தில் கட்டக் கை வரவில்லை. 'உயிர் பொங்கும் மண்'ணைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனாள். அவள் முடிச்சு போர்டுக்காரன் முடிச்சு அளவுக்கு இறுகவில்லை. இரண்டு போர்டுகளும் கொஞ்சம் சாய்ந்து தொங்கின. இரண்டு இயக்குநர்களும் காது வலிக்காரர் மாதிரி தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. மண் வாடை ஆகாது என்று மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தார். இரண்டாமவர் பேராசிரியர், எதைச் சொன்னாலும் "நான் வெளிநாட்டில் இருந்தபோது" என்றுதான் ஆரம்பிப்பார். மூன்றாமவர் வண்டியிலேயே தூங்கிவிட்டார். அழைக்காமலே வந்த சங்கத் தலைவர் அவர்களுக்குப் பின்னால் நின்றார். தூங்கியவர் போக மற்றவர்கள் முன்கதவு வழியாக நுழைந்தார்கள்.

இயக்குநர் பேச்சைத் தொடங்கினார். நேற்று விளக்குக் கம்பத்தடியில் பேசிய குரல் இல்லை, மேடைக்கென்று தனியாகத் தைத்து வைத்த குரல்.

"மண் மௌனமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த மௌனத்துக்குள் ஆயிரமாயிரம் சொற்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன."

"ஆஹா" என்றார் குழுத் தலைவர், கைக்குட்டைக்குள்.

"இதோ, அந்தச் சொற்கள் பசுமையாக எழுந்து நிற்பதைப் பாருங்கள். இது என் வேலிக்கு..."

நேற்று குந்தி உட்கார்ந்த தட்டைப் பார்த்துக் கையை நீட்டியவர், போர்டைப் படித்துச் சொல்வதற்காக நிமிர்ந்தார். கை அப்படியே நின்றது. போர்டைப் பார்த்தார். எதிர்ப் பக்கம் திரும்பி, இரண்டு முள்செடியும் நாலு புல்லுமாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தார். பிறகு கடைசியில், கதவோரம் நின்ற அவளைப் பார்த்தார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால், போர்டுக்காரன் தப்பு என்று அவர் சொல்லிவிடக்கூடும். அவர் முகத்தில் நேற்று ஏறிய வெளிச்சம் முழுதாக இறங்கி முடிகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்டால் சொல்வதற்கு வாக்கியங்களை வரிசையாக வைத்திருந்தாள். இந்தத் துண்டு வெளி மண், அந்தத் துண்டு வேலி மண், போர்டை மாற்றியது நான்தான். அதற்குப் பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"என் வேலிக்கு... வெளியே! ஆம், வெளியே! நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள்? வேலிக்கு உள்ளேதான் பசுமை என்று நான் சொல்வேன் என்றுதானே? உலகமே அப்படித்தான் எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பைத்தான் போர்டிலும் எழுதி வைத்தேன்." குரல் மெல்லத் தன் பழைய உயரத்துக்கு ஏறியது. "அதற்காகத்தான் நண்பர்களே, நான் வேலியே போட்டேன்! வேலி தேவையில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், முதலில் வேலி போட்டுத்தானே ஆக வேண்டும்?"

குழுத் தலைவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"நான் வெளிநாட்டில் இருந்தபோது இதையேதான் பேசிக்கொண்டார்கள்" என்றார் பேராசிரியர். "பேசினார்களே தவிர, இத்தனை வருஷம் பொறுமையாகத் தப்பைச் செய்து காட்ட ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை."

"மூச்சுக்காத்து சார்! எல்லாம் மாட்டு மூச்சுக்காத்து!" என்று சங்கத் தலைவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

கைதட்டல் கேட்டது. அதற்கு மேல் எல்லாம் தானாக நடந்தது. புல்வெளி முழுவதற்கும் வேலி என்பது கைவிடப்பட்டது. பழைய வேலியையும் அங்கங்கே திறந்துவிட்டு, மாடுகளை இடம் மாற்றி இடம் மாற்றி மேயவிடும் புதிய முறை ஒன்றை இயக்குநரே வகுத்துத் தர வேண்டும் என்று குழு கேட்டுக்கொண்டது. அதற்கு அவருடைய பெயரையே வைக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். இயக்குநர் வேண்டாம் வேண்டாம் என்றார், அவர்கள் விட்டுவிடாத அளவுக்கு. தண்ணித் தொட்டிப் பக்கம் மாடு நிற்கக் கூடாது என்று கடைசியில் அவரே சேர்த்துக்கொண்டார். அவள் வீட்டில் அதையும் சொல்லியிருந்தாள், காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. சங்கத் தலைவருக்கு மட்டும் அது விழவில்லை.

வெளியேறும்போது குழுத் தலைவர் அவளுக்கு முன்னால் நின்றார்.

"நீங்கதான் இதுக்கெல்லாம் தண்ணி ஊத்தறவங்களாம்மா?"

"ஆமாங்க."

"நல்ல வேலை. மனசுக்கு நிம்மதி."

பொத்தான் செடிக்கு 'வெளியே' என்று ஓர் இடம் மிஞ்சியது. அவள் கேட்டது அவ்வளவுதான். அது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மதியம் முழுக்க அலுமினியத் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். இன்று சண்டை நடக்கும் என்று நிச்சயமாக நம்பினாள். நடக்க வேண்டும் என்றே இருந்தது. அவர் கத்தட்டும், மேசையைத் தட்டட்டும், என் முகத்தில் கரி பூசப் பார்த்தாயே என்று கேட்கட்டும். கேட்டால், ஏன் பதில் சொல்லவில்லை என்று அவளும் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்கலாம்.

அவர் வந்தார். கை கழுவினார். எதிரே உட்கார்ந்தார். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றார், சிந்தின தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"சொல்ல விட்டீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசிக்கிற மாதிரி இருந்தது. "விட்டிருக்க மாட்டேன்."

"நேத்து சொல்லியிருந்தா..."

முன்னறையில் போன் அடித்தது. அவர் மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "பத்திரிகைக்காரங்க. எடுக்கலேன்னா தப்பா நினைப்பாங்க." கதவு சாத்திக்கொண்டது.

அவள் தனியாகச் சாப்பிட்டு முடித்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் முன்னறைக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க, ரொம்ப வருஷமாவே எனக்குள்ள இருந்த சந்தேகம்தான்... வெளியில சொல்லிக்கல... போர்டு ஏன் சாஞ்சிருந்ததா? போர்டுக்காரன் மாத்திக் கட்டிட்டான், நான்தான் காலைல கவனிச்சு சரி பண்ண வெச்சேன்... பழைய வேலியைத் திறந்துவிட்டா அந்தச் செடி தானா வந்துடுமான்னு கேக்கறீங்களா? வந்துடும், வந்துடும். மண்ணுக்குள்ளதான் விதை இருக்கே. நூறு வருஷம்கூடக் கிடக்கும்."

"கிடக்காது" என்றாள் அவள் சுவரைப் பார்த்து. "பொத்தான் விதை நாலஞ்சு வருஷம் தாங்கினா அதிகம். உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"அதாவது... பொதுவா அப்படிச் சொல்வாங்க. ஆனா இந்த விதை நாலஞ்சு வருஷம்தான் தாங்கும். உள்ள மிச்சமில்லைங்க... பின்ன எப்படி வரும்னா... அது வந்து..."

"வெளிய மேஞ்ச மாடு கொண்டு வரணும். சாணியில, குளம்புச் சேத்துல."

"மாடு கொண்டு வரும். சாணியில, குளம்புச் சேத்துல. அதான் நம்ம முறையோட சூட்சுமமே..." கொஞ்சம் இடைவெளி. "யாரா? இல்லைங்க, இங்க யாருமில்ல. டிவி ஓடுது."

மகன் வெளிநாடு போன வருஷத்திலேயே ரிப்பேரான டிவி, அவளுடைய அறை மூலையில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது.

அவள் ஈரக் கையோடு நின்றாள். அந்தப் பக்கம் அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷத்துல தெரியும்னா கேக்கறீங்க?" என்று சத்தமாகவே திருப்பிச் சொன்னார். பிறகு நாற்காலி சுவரை நோக்கி நகர்கிற சத்தம் கேட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சுவருக்கு இன்னும் பக்கத்தில் போய் நின்று, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.